87 லட்சம் வௌவால்களை எண்ணியது யார்?

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் இரண்டு மருத மரங்களும் வயதான ஓர் ஆலமரமும் நிற்கின்றன. மூன்றிலும் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். எத்தனை இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் பதில் யோசிக்காமல் வரும். டீக்கடைக்காரர் பத்தாயிரம் என்பார். ஆடு மேய்க்க வரும் பெரியவர், "அது கெடக்கு ஆயிரக்கணக்குல" என்று கையை வீசிவிட்டுப் போவார். போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் நானும் நண்பர் ஒருவரும் கரையில் உட்கார்ந்து நிஜமாகவே எண்ணிப் பார்த்தோம். எனக்கு 412 வந்தது. அவருக்கு 365.

பத்தாயிரம் எங்கே, நானூறு எங்கே என்பது ஒரு பக்கம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வானத்தைப் பார்த்த இரண்டு பேருக்கு நடுவே 47 வௌவால்கள் காணாமல் போனதுதான் என்னை உறுத்தியது. அன்றிலிருந்து, உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: எங்கள் பிழை அப்படியொன்றும் பெரிதில்லை.

முறை பார்க்க எளிது. சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் வௌவால்கள் இரை தேடிக் கிளம்பும். மரத்தடியில் நிற்கக் கூடாது. தலையில் என்ன விழும் என்பது ஒரு காரணம். ஆளைப் பார்த்துக் கூட்டம் கலைந்துவிடும் என்பது முக்கியமான காரணம். மேற்கு வானத்தின் மிச்ச வெளிச்சம் பின்னணியாகக் கிடைக்கிற மாதிரி தள்ளி நின்றால் உருவம் கறுப்பாகத் தெரியும். வானத்தில் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது ஒரு பனை உச்சியிலிருந்து மின்கம்பம் வரை. கோட்டைத் தாண்டியது ஒன்று, திரும்பி உள்ளே வந்தால் கழித்தல் ஒன்று. கையில் கட்டைவிரலால் அமுக்கும் சின்னக் கவுண்டர்.

முதல் ஐந்து நிமிடம் சுகமாகப் போகும். ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று. அப்புறம் திடீரென்று மரத்தின் ஒரு பக்கமே கழன்று வருவது போல ஒரு கொத்து எழும். அந்த நேரத்தில் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்துப் பத்தாகப் பிடிப்போம். நான் பத்து என்று பிடித்தது எட்டாக இருக்கலாம், பதினாலாகவும் இருக்கலாம். நான் செய்த முட்டாள்தனம் வேறு: அமுக்கியது பதிவாகிறதா என்று நடுவில் இரண்டு மூன்று முறை குனிந்து கவுண்டரைப் பார்த்தேன். தலை நிமிர்வதற்குள் எத்தனை போனதோ! கடைசியில் இருட்டு. கிளம்பத் தாமதித்தவை சத்தமாக மட்டும் போயின.

பகலில் தொங்கும்போதே எண்ணிவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்கிறார்கள். இலை உதிர்ந்த மரமென்றால் வசதிதான். ஆல், புளி மாதிரி அடர்ந்த மரத்தில் பாதிக் கூட்டம் இலைக்குள் இருக்கும். இறக்கையைப் போர்த்திக்கொண்டு தொங்கும் இரண்டு வௌவால்கள் தூரத்துக்கு ஒன்றாகத் தெரியும். இந்தியப் பழந்தின்னி பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரையான மாதங்களில் குட்டி போடும், ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி. பிறந்த சில வாரங்களுக்கு அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டே பறக்கும். பைனாகுலரில் பார்த்தாலும் தாயும் பிள்ளையும் ஓர் உருவமே. குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் அதை மரத்திலேயே விட்டுவிட்டு தாய் மட்டும் இரைக்குப் போகும். அப்போது சாயங்காலக் கணக்கில் குட்டி வராது. ஆகவே எந்த மாதத்தில் எண்ணினோம் என்பதைப் பொறுத்தே எண் மாறும்.

சரி, நானூறுக்கே இந்தப் பாடு. லட்சக்கணக்கில் இருந்தால்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் குகைகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜிம் ஒயிட் என்ற மாட்டுக்கார இளைஞன் தூரத்தில் புகை எழும்புவதாக நினைத்துப் போய்ப் பார்க்க, அது குகையிலிருந்து வெளியேறிய வௌவால் கூட்டம் என்று தெரிந்தது என்பார்கள். குகை பெயர் பெற்ற கதை அது. 1936 ஜூன் மாதத்தில் ஆலிசன் என்பவர் அந்தப் புகையை எண்ணப் பார்த்தார். கூட்டத்தின் அகலம், அடர்த்தி, பறக்கும் வேகம், வெளியேற எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றைக் கண்ணால் மதிப்பிட்டு ஒன்றோடொன்று பெருக்கினார். கிடைத்தது சுமார் 87 லட்சம். அந்த எண் பல பத்தாண்டுகளுக்கு எல்லா இடத்திலும் எடுத்தாளப்பட்டது. பெருக்கல் கணக்கில் ஒரு தொல்லை உண்டு. அடர்த்தியை இரண்டு மடங்காகவும் வேகத்தை இரண்டு மடங்காகவும் அதிகமாக நினைத்துவிட்டால் விடை நான்கு மடங்காகிவிடும். எங்கேயும் பெரிய தப்பு செய்த மாதிரியே தெரியாது.

2000-க்குப் பிறகு அதே வாசலில் தெர்மல் கேமரா வைத்தார்கள். அதற்கு வெளிச்சம் வேண்டாம். உடம்புச் சூட்டைப் பார்த்து, குளிர்ந்த வானத்தின் மேல் வௌவாலை வெள்ளைப் புள்ளியாகக் காட்டும். கணினி ஒவ்வொரு புள்ளியையும் வீடியோவின் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தொடர்ந்து எண்ணியது. ஒரே பருவத்தில் பல இரவுகள் எடுத்த கணக்கில், குறைந்தபட்சம் ஏறக்குறைய 67,000, அதிகபட்சம் 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதிகபட்சமே பழைய எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு அதைவிட ஆச்சரியம், ஒரே குகையில் சில மாதங்களுக்குள் பத்து மடங்குக்கு மேல் ஏறி இறங்கியது. இவை இடம்பெயரும் வௌவால்கள். ஒரு கூட்டம் வருகிறது, ஒரு கூட்டம் போகிறது, நடுவே குட்டிகள் பறக்கத் தொடங்குகின்றன. ஒரே ஒரு இரவு எண்ணிவிட்டு இந்தக் குகையில் இத்தனை என்று பலகை எழுதினால் அது எந்த இரவின் கணக்கு என்று கேட்கத்தான் வேண்டும்.

டெக்சாஸ் பக்கத்துப் பெரிய குகைகளிலும் இதே கதை. 1957-இல் சொன்ன மதிப்பீடு 5.4 கோடி. தெர்மல் கேமரா வைத்து ஆறு பெரிய கூட்டங்களை எண்ணி பெட்கே, ஹிரிஸ்டோவ், குன்ஸ் முதலியோர் 2008-இல் வெளியிட்ட எண் சுமார் 40 லட்சம். இதை வைத்து ஐம்பது ஆண்டில் 5 கோடி வௌவால்கள் செத்துவிட்டன என்று ஒருவர் எழுதலாம். ஆரம்பத்திலிருந்தே 40 லட்சம்தான், முன்னோர்கள் கண்ணுக்கு அதிகமாகத் தெரிந்துவிட்டது என்று இன்னொருவர் எழுதலாம். இடைப்பட்ட காலத்தில் பூச்சிமருந்து கணிசமாக அடித்திருக்கிறார்கள், குறைந்திருக்கவும் இடமுண்டு. ஆனால் எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அளவுகோலை மாற்றிவிட்டுப் பிள்ளை குட்டையாகிவிட்டான் என்று சொல்ல முடியாதல்லவா? இந்தத் துறையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம் இது. அன்றைக்கு எண்ணியவர்கள் தங்கள் முறையை மாற்றாமல் ஒவ்வொரு ஆண்டும் தொடர்ந்திருந்தால், மொத்த எண் பத்து மடங்கு பிசகாக இருந்தாலும் ஏறியதா இறங்கியதா என்றாவது தெரிந்திருக்கும்.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டின் கசாங்கா தேசியப் பூங்காவுக்கு அக்டோபர் வாக்கில் வைக்கோல் நிறப் பழந்தின்னிகள் வந்து சேரும். ஆண்டுக் கடைசியில் போய்விடும். ஒரு சதுப்புக் காட்டுத் துண்டில் மொத்தக் கூட்டமும் அடையும். கிளைகள் பாரம் தாங்காமல் முறியும். சுற்றுலாக்காரர்களிடம் ஒரு கோடி வௌவால்கள் என்று சொல்வது வழக்கமாக இருந்தது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டைச் சுற்றிச் சாதாரண வீடியோ கேமராக்களை மல்லாக்க வைத்து, அந்தி வானத்தைக் கடக்கும் உருவங்களைப் படம் பிடித்தார்கள். செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு எது வௌவால் என்று பழக்கிவிட்டு எண்ணச் சொன்னார்கள். 2023-இல் வெளியான விடை ஏழரை லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையே. கோடியிலிருந்து லட்சத்துக்கு இறங்கினாலும் உலகத்தின் மிகப் பெரிய பழந்தின்னிக் கூட்டம் என்ற பெருமை போகவில்லை. இங்கே எனக்குப் பிடித்தது கேமராவின் விலை. தெர்மல் கேமரா மாதிரி லட்சங்களில் செலவில்லை; அதே கேமராவை அதே இடத்தில் அடுத்த ஆண்டும் வைக்கலாம், அதே நிரல் அதே தவறுகளோடு எண்ணும்.

ஓர் இடத்தை எண்ணினால் போதுமா என்பது அடுத்த சிக்கல். "வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால், நீயும் தொங்கு நானும் தொங்கு" என்று நம்மிடம் பழமொழி உண்டு. சோறு போட வசதியில்லாத வீட்டைக் கேலி செய்ய வந்த பேச்சு. ஆனால் வௌவால்கள் நிஜமாகவே ஓயாமல் விருந்துக்குப் போய்க்கொண்டிருப்பவை. ஆஸ்திரேலியாவில் மூன்று இனங்களைச் சேர்ந்த 201 பெரிய பழந்தின்னிகளுக்கு செயற்கைக்கோள் கருவி கட்டிப் பின்தொடர்ந்தார்கள். அவை தங்கிய இடங்கள் 755. அதில் பாதிக்கு மேல் அதுவரை பதிவிலேயே இல்லாதவை. இன்றைக்கு என் கண்மாய் மரத்தில் தொங்குவது நாளை முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் தொங்கலாம். என் மரத்தில் குறைந்தால் இனம் குறைந்தது என்று அர்த்தமாகாது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் 2013-இல் தேசிய அளவில் கணக்கெடுப்பு தொடங்கியபோது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தெரிந்த தங்குமிடங்களையெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எண்ணுவது என்று வைத்தார்கள். ஒரே வௌவாலை இரண்டு ஊரில் எண்ணிவிடக் கூடாது.

அந்த உழைப்பு எதற்கு என்பதை கண்ணாடி போட்ட மாதிரி முகமுள்ள ஒரு பழந்தின்னி காட்டிக்கொடுத்தது. வடக்கு குவீன்ஸ்லாந்தில் வாழும் அந்த இனத்தை 2004 முதல் மாதாமாதம் எண்ணி வந்தார்கள். 2017-க்குள் எண்ணிக்கை முக்கால்வாசி குறைந்திருந்தது. 2018 நவம்பரில் கெய்ன்ஸ் நகரப் பக்கம் 42 டிகிரியைத் தாண்டி வெயில் அடித்தது. பழந்தின்னிகளுக்கு அந்தச் சூடு தாங்காது; இறக்கையை விசிறிப் பார்க்கும், உடம்பை நக்கி ஈரப்படுத்தும், அப்புறம் கொத்தாக விழும். இரண்டு நாளில் சுமார் 23,000 செத்தன. தன்னார்வலர்கள் உடல்களை எண்ணினார்கள். 23,000 என்பது தனியாக நின்றால் வெறும் பெரிய எண். முந்தைய மாதங்களின் கணக்கு கையில் இருந்ததால்தான் அது ஆஸ்திரேலியாவில் இருந்த அந்த இனத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு என்று சொல்ல முடிந்தது. சில மாதங்களில், 2019 பிப்ரவரியில், அரசு அதை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்ற பட்டியலுக்கு உயர்த்தியது.

குளிர் நாடுகளில் வேறு மாதிரி. பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் அங்கே பனிக்காலம் முழுக்கக் குகையில் அசையாமல் உறங்கும். எண்ணுவதற்கு இதைவிட வசதி ஏது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் சேர்த்துவைத்த கொழுப்பை எரிக்கும். அதிகம் எழுப்பினால் வசந்தம் வரும்வரை தாங்காது. ஆகவே ஆய்வாளர்கள் அடிக்கடி போவதில்லை. போனாலும் சத்தமில்லாமல் நுழைந்து, கொத்துகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, மேசையில் உட்கார்ந்து மூக்கு மூக்காக எண்ணுவார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரத்துக்குப் பக்கத்துக் குகைகளில் 2007-இல் அப்படிப் போனவர்கள்தான் மூக்கில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்த வௌவால்கள் செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். 2006 பிப்ரவரியிலேயே ஒரு குகையில் எடுத்த படத்தில் அந்த வெள்ளை இருந்தது பிறகு தெரிந்தது. பூஞ்சணம் அவற்றை உறக்கத்தில் திரும்பத் திரும்ப எழுப்பி, கொழுப்பைத் தீர்த்துக் கொல்கிறது. பத்து ஆண்டுக்குள் வட அமெரிக்காவில் மூன்று இனங்கள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. நோய்க்கு முந்தைய பனிக்காலக் கணக்குகள் நோட்டுப் புத்தகங்களில் இருந்ததால்தான் இந்தச் சதவீதமே கிடைத்தது.

பெரும்பாலான வௌவால்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதை இங்கே மறக்கக் கூடாது. சைபீரியாவில் வளையம் மாட்டி விட்ட ஒரு வௌவால் 41 ஆண்டு கழித்துத் திரும்பக் கிடைத்திருக்கிறது. எடை ஏழு கிராம் அளவுதான். எலி மாதிரி தெரிந்தாலும் எலி மாதிரிப் பெருகுவதில்லை. விழுந்தால் எழ நாளாகும்.

ஒலிக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடித்து இனம் பிரிக்க அவை அருமையானவை. பிரிட்டனில் பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இரண்டு பிப்பிஸ்ட்ரெல் இனங்களில் ஒன்று 45 கிலோஹெர்ட்ஸ் பக்கமும் மற்றது 55 பக்கமும் கத்தும். ஆனால் கருவி சொல்வது எத்தனை முறை கடந்தது என்பதை. தெருவில் பத்து முறை சைக்கிள் மணி கேட்டால், பத்துத் தபால்காரர் வந்தாரா, ஒரே தபால்காரர் பத்து முறை போய் வந்தாரா என்று வீட்டுக்குள் இருந்தபடி எப்படிச் சொல்வது? பிரிட்டனில் 1996 முதல் தன்னார்வலர்களை வைத்து நடக்கும் தேசியக் கண்காணிப்புத் திட்டம் இதைப் புத்திசாலித்தனமாகத் தாண்டியது. நாட்டில் மொத்தம் எத்தனை என்ற கேள்விக்கு அது பதில் தேடி அலையவில்லை. ஓர் ஆண்டை 100 என்று வைத்து, அதிலிருந்து ஏறியதா இறங்கியதா என்று குறியீட்டை வெளியிடுகிறது, விலைவாசிக் குறியீடு மாதிரி.

தானாகக் கிடைத்த கணக்கும் உண்டு. டெக்சாஸில் பிராக்கன் குகைக்குப் பக்கத்தில் ஒரு வானிலை ரேடார் இருக்கிறது. மழை பார்க்க வைத்தது. தினமும் சாயங்காலம் வௌவால் கூட்டம் மேகம் போல அதில் விழும். வானிலைக்காரர்களுக்கு அது கழிக்க வேண்டிய குப்பை. பிரிட்டனின் ரோத்தம்ஸ்டெட் நிலைய ஆய்வாளர்கள் இருவர் 1995 முதலான பழைய ரேடார் பதிவுகளைப் புரட்டி, வௌவால்கள் மெக்சிகோவிலிருந்து வந்து சேரும் நாள் இருபது சொச்சம் ஆண்டில் இரண்டு வாரம் முன்னுக்கு வந்துவிட்டதை 2018-இல் காட்டினார்கள்.

நம்மிடம் இப்படி நீண்ட கணக்கு அரிது. காரணம் ஓரளவு சட்டத்திலேயே இருந்தது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில் வைத்தது. கொன்றால் கேள்வியில்லை என்ற பிராணியை எண்ணச் சம்பளம் யார் தருவார்கள்? 2022-இல் வந்த திருத்தம்தான் அந்தப் பட்டியலை எடுத்தது. இனம் தெரியாமலேயே கிடந்த கதையும் உண்டு. 1948-இல் தேனிப் பக்கம் மேகமலையில் பிடித்த ஒரு வௌவால், மும்பைச் சேகரிப்பில் வேறு பெயரில் இருந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லோங்யா 1972-இல் அது தனி இனம் என்று கண்டு சலீம் அலி பெயரை வைத்தார். இருபத்து நான்கு ஆண்டு தவறான சீட்டோடு இருந்த பிராணியை அதற்குள் யார் எண்ணியிருக்க முடியும்!

இன்னொரு பக்கம், வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மரம் முனிக்குச் சொந்தம், தொட்டால் ஆகாது என்று காக்கிறார்கள். எந்த மாதம் கூட்டம் பெருகும், எப்போது மரம் காலியாகும் என்று அங்கே கிழவிக்கும் தெரியும். எழுதி வைத்ததுதான் கிடையாது. நிபா பயம் வந்த பிறகு, எண்ணச் சொன்னால் மரத்தை வெட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கலைக்கப்பட்ட கூட்டம் நாலு ஊருக்குச் சிதறும். அப்புறம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் போகும். வௌவால் இருக்கிற இடம் தெரிவதும், அது கடித்த பழத்தைத் தொடாமல் இருப்பதும் மரத்தை வெட்டுவதைவிட நல்ல பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

நாங்கள் இப்போது மாதத்தில் ஒரு நாள் எண்ணுகிறோம். தேதி, சூரியன் மறைந்த நேரம், முதல் வௌவால் கிளம்பிய நேரம், மேகம், காற்று, எண்ணியவர் பெயர் எல்லாம் நோட்டில் ஏறும். கொத்தாக வரும்போது நிமிடத்தில் பத்து விநாடி மட்டும் கவனமாக எண்ணி ஆறால் பெருக்குகிறோம். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி, முடிந்த பிறகே காட்டிக்கொள்கிறோம். இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை. நண்பர் எப்போதும் என்னைவிடக் குறைவாகவே எண்ணுகிறார். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

ஆடி மாதம் ஒரு நாள் போனபோது மூன்று மரமும் காலி. கண்மாய்க்குள் யாரோ ஜேசிபி இறக்கியிருந்தார்கள். திரும்பிவிடலாம் என்றார் நண்பர். இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, நோட்டில் தேதி போட்டு 0 என்று எழுதினோம். அடுத்த மாதம் 58. அதற்கடுத்த மாதம் எனக்கு 203, அவருக்கு 188.